கம்பளி மூட்டைச் சாட்சி

ஹெந்த்ரே பண்ணை, ட்ரெகாரன் அருகே
1791 பிப்ரவரி 3

என் ஒரே அக்கா கைனோருக்கு,

தம்பி இத்தெல் நலம். இடது கால் மட்டும் நலமில்லை. மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே அது வலிக்கத் தொடங்கிவிடும். இங்கே மழை தினமும் வருவதால் அதற்கு ஓய்வே கிடையாது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? லண்டன் தோட்டத்தில் இந்த வருஷமும் களை எடுக்க உன்னை வைத்துக்கொண்டார்களா? இதை லண்டன் சந்தைக்கு மாடு ஓட்டிப்போகிற ட்யூடரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம்பகமானவன், படிக்கத் தெரியாது.

நாற்பத்தாறு வயதில் உன் தம்பி புத்தகம் போடப் போகிறான். சந்தை சந்தையாக வண்டி மேல் ஏறிக் கூத்தாடி, பிரசங்கியார் மாதிரி மூக்கால் பேசிச் சிரிக்கவைத்தவன், இப்போது ஞானப்பாட்டுக்காரன். மொத்தம் முப்பத்திரண்டு பாட்டு. இங்குள்ள ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, யார் தாளம் தப்புகிறார்கள் என்று பார்க்கிறேன்.

வம்பு எங்கே என்றால், புத்தகத்தின் முதல் பக்கங்களில் நான் மனந்திரும்பிய கதை வரவேண்டுமாம். கூட்டத் தலைவர் ஷெங்கின் ஒரே பிடியாக நிற்கிறார்.

"பாட்டு யாரு வேணா கட்டலாம் தம்பி. கட்டினவன் தெரிந்துகொள்ளப்பட்டவனாங்கறதுதான் பேச்சு."

உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தம்முடைய ஆட்களைத் தெரிந்துவைத்துவிட்டார். நாம் புண்ணியம் செய்து அந்தப் பட்டியலில் நுழைய முடியாது. அதில் இருப்பவனுக்கு ஒரு நாள் உள்ளே தைக்கும். அந்த நாளை அவன் எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும். இதுதான் இங்கே சட்டம். என்னுடைய நாள், ஏழு வருஷம் முன்பு சந்தையில் வண்டியிலிருந்து விழுந்த நாள் என்று ஊரே பாடுகிறது.

நீ அங்கே முரசு அடித்துக்கொண்டிருந்தாய். நடந்தது உனக்குத் தெரியும். உள்ளே இரண்டு குடுவை பீர். முதுகில் கம்பளி மூட்டையைக் கட்டிக்கொண்டு, மனந்திரும்பிய பாவியைக் கிண்டல் செய்து ஆடிக்கொண்டிருந்தேன். மூட்டையை வீசி எறிகிற கட்டத்தில், மூட்டை போன பக்கமே நானும் போனேன். கண் விழித்தால் இந்தக் கூட்டத்தார் சுற்றி நிற்கிறார்கள். "என்னய்யா ஆச்சு? என்னத்தக் கண்டே?" என்றார்கள். தலையில் அடிபட்டவனுக்கு இன்னும் வண்டி மேல் நிற்கிற நினைப்பு. வசனத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்: "ஒருத்தர் வந்து என் சுமையை எறக்கி வெச்சாரு..." அழுதுவிட்டார்கள் அக்கா! என் கூத்துக்கு அப்படி யாரும் அழுததே இல்லை.

காலெலும்பு சேரும் வரை விதவை ஷோனெட்டின் இந்தப் பண்ணை வீட்டில் படுக்கவைத்தார்கள். ஏழு வருஷமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஷெங்கின் உனக்கு எழுதி நடந்ததைக் கேட்பார். 'விழுந்தான், பிறகு மாறிவிட்டான்' என்று மட்டும் எழுது. பீர் வேண்டாம். விஷயம் வெளியே வந்தால் எனக்கு இந்தக் கூரையும் இல்லை, ஷோனெட்டும் இல்லை. போன வாரம்தான் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தேன். கூட்டத்துக்கு வெளியே இருப்பவனை அவள் கட்டிக்கொள்ள முடியாது.

எப்போதும் உன்னை நம்பியே விழுகிற,
தம்பி இத்தெல்


ஃபுல்லம் தோட்டம், லண்டன்
மார்ச் 22

தம்பி இத்தெலுக்கு,

நான் நலம். இடுப்பும் கூடவே இருக்கிறது. உன் காலுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்.

கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. பட்டாணி விதைக்கிற நேரம், அதனால் எழுதவில்லை. ஷெங்கின் ஐயாவின் கடிதமும் வந்தது. அன்று நான் கண்டதை எழுதச் சொல்கிறார்.

கம்பளி மூட்டைக் கட்டத்தை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று அங்கே யாராவது கேட்டதுண்டா?

உன் பாட்டு இங்கேயும் வந்துவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் தலையில் கூடையோடு சந்தைக்கு நடக்கும்போது பாடுகிறார்கள். முழுசாக எழுதி அனுப்பு. என் காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க வேண்டும்.

ஷோனெட்டை விசாரித்ததாகச் சொல்.

கைனோர்


ஹெந்த்ரே
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கொழுப்பு தேய்த்தேன். கால் அப்படியே இருக்கிறது, நாய் மட்டும் என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறது. நீ கேட்ட பாட்டு:

மழையில் நனைந்த கம்பளிச் சுமையை
மௌனமாய் ஒருவர் இறக்கிவைத்தார்;
இறங்கிய பின்னும் குனிந்தே நடந்தேன்,
நிமிரச் சொல்லி அவர் சிரித்தார்.

எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டிருக்கிறாய். கூத்துக்காரன் நாலு பக்கமும் பொறுக்குகிறவன். எதை எங்கே பொறுக்கினோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வானா? அதை விடு.

வாரா வாரம் வியாழக்கிழமை ஷெங்கின் என்னைக் கேட்கிறார்: "சகோதரரே, இந்த வாரம் உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

"ஒரே வறட்சிங்க."

"வறட்சின்னு தெரியுதே, அதுவே கிருபை!"

நன்றாக இருக்கிறது என்றாலும் கிருபை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஆழ்ந்த கிருபை. இந்த வீட்டுக்கு நிறையக் கதவுகள், அக்கா. எல்லாமே உள்ளே வருவதற்கு மட்டும்.

ஷோனெட் சரி என்றுவிட்டாள்! அறுவடை முடிந்ததும் கல்யாணம். ஆனால் சரி சொன்ன கையோடு ஒன்று சொன்னாள். புருஷன் போன பிறகு மூன்று வருஷம், தன்னைக் கடவுள் தள்ளிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு நாள் பால் கறக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் நான் இந்த நாலு வரியை முணுமுணுத்ததைக் கேட்டாளாம். "அன்னிக்குத்தான் எனக்கு விடிஞ்சுது. அது மட்டும் பொய்யா இருந்தா நான் எங்க போய் நிப்பேன்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பைக் கேட்டு மாடு உதைத்தது.

ஷெங்கினுக்கு எழுதிவிட்டாயா?

இத்தெல்


ஹெந்த்ரே
மே 15

அக்கா,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை ஆவல் நிஜமாகவே அதிகம். ட்யூடர் மாட்டோடு லண்டன் போய்விட்டு வந்துவிட்டான். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அச்சுக்காரர் காத்திருக்கிறார். ஷெங்கின் தினமும் வந்து, மோர் குடித்துவிட்டு, "லண்டன்லேர்ந்து சேதி உண்டா?" என்கிறார். மோரும் தீர்ந்துகொண்டே வருகிறது.

என் மேல் ஏதாவது கோபமா? கோபம் என்றால் திட்டு. உன் திட்டு எனக்குப் பழக்கம், இதுதான் பழக்கமில்லை.

இத்தெல்


ஃபுல்லம்
மே 29

தம்பி இத்தெலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஸ்ட்ராபெரி பழுக்கத் தொடங்கிவிட்டது. நாளுக்கு இரண்டு நடை, தலையில் கூடை.

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. சொல்கிறேன். சந்தைக்கு முந்தின நாள் மலைச்சரிவில் ஒரு பிரசங்கம் நடந்தது. நீ பீர்க் கடையில் இருந்தாய். நான் போய்க் கடைசியில் நின்றேன். அவர் என்ன பேசினார் என்று இப்போது நினைவில்லை. முதுகில் இருந்தது போயிற்று, அவ்வளவுதான். இருபது வருஷம் கம்பளி சுமந்தவளுக்கு அது வேறெப்படித் தோன்றும்? மறுநாள் காலை முரசுக்கு வார் கட்டும்போது உன்னிடம் சொன்னேன். "எறக்கின பிறகும் குனிஞ்சேதான் நடந்தேண்டா. நிமிருடின்னு யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சு." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அக்கா, இதை இன்னிக்கே கூத்துல போட்டுடறேன்" என்றாய்.

போட்டாய். நான் முரசு அடித்தேன்.

அந்த வாரமே லண்டன் வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இங்கே நம் ஆட்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. முதலில் எல்லாருக்குமான பிரசங்கம். அது முடிந்ததும் சேர்க்கப்படாதவர்கள் வெளியே போய்விட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். ஏழு வருஷமும் நான் கதவுக்கு வெளியேதான். போன ஞாயிறு துணிந்து, என் சாட்சியைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்து சொன்னேன்.

பாதியிலேயே தலைவர் கையைக் காட்டினார். "அம்மா, இது இத்தெல் ஐயாவோட பாட்டு. நாங்க வாரா வாரம் பாடறது. நீங்க உங்களோடதச் சொல்லுங்க."

"இதாங்க என்னோடது."

பின்னால் ஒருத்தி, "பாட்டை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கு, பாவம்" என்றாள். தலைவர் நல்லவர், திட்டவில்லை. மெதுவாக, "இரவல் சாட்சியோட உள்ள வந்தா அது உங்களுக்கே கேடு" என்றார். வெளியே போனேன். கதவு சாத்தினார்கள். உள்ளே அதையேதான் பாடினார்கள்.

நான் உன் அக்கா என்று சொல்லவில்லை. ஷெங்கின் ஐயாவுக்கும் இன்னும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று நீயே சொல்.

கைனோர்


ஹெந்த்ரே
ஜூன் 14

என் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். இங்கே எல்லாரும் நலம். பன்றி எட்டுக் குட்டி போட்டிருக்கிறது.

அக்கா, நான் யோசித்தேன். உன் தம்பி ஒன்றுக்கும் உதவாதவன்தான், ஆனால் கை வேலைக்காரன். உனக்கு வேறொரு சாட்சி எழுதித் தருகிறேன். இதைவிட நல்லதாக! இத்துடன் இருக்கிறது. கோடையில் வற்றிய கிணறு. நீ கயிற்றோடு விளிம்பில் நிற்கிறாய். கீழேயிருந்து உன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுகிறார்கள். இன்னும் யாரும் பாடாதது, கேட்காதது. அடுத்த ஞாயிறே சொல்லலாம். மூச்சு விட வேண்டிய இடங்களில் கோடு போட்டிருக்கிறேன்.

மூட்டையை நான் வைத்துக்கொள்கிறேன், கிணற்றை நீ வைத்துக்கொள். ஷோனெட் கல்யாணத்துக்கு ஆடை தைக்கத் தொடங்கிவிட்டாள், அக்கா. வேறென்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இத்தெல்


ஃபுல்லம்
ஜூலை 1

தம்பிக்கு,

கிணறு வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது. கூடக் களை எடுக்கிற பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் அழுதுவிட்டார்கள். எனக்கு வேண்டாம்.

ஷெங்கின் ஐயாவுக்கு நீ கேட்டபடியே எழுதிவிட்டேன். 'விழுந்தான், பிறகு மாறிவிட்டான்.' முதல் பாதியை நான் கண்ணால் பார்த்தேன்.

கைனோர்


ஹெந்த்ரே
ஜூலை 28

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க இந்த முறை வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் இரண்டு வரியை ஷெங்கின் வியாழக்கிழமை கூட்டத்தில் படித்தார். எல்லாரும் 'ஆமென்' என்றார்கள். எப்படியோ நான் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பீரைச் சொன்னேன். மூட்டையைச் சொன்னேன். மலைச்சரிவையும், முரசு வாரையும், நான் சிரித்ததையும் சொன்னேன். "எனக்கு ஒரு மண்ணும் நடக்கலீங்க. நடந்தது என் அக்காவுக்கு. ஏழு வருஷமா உங்க சோத்தைத் தின்னுட்டு அவளோடதைப் பாடிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

கதவைக் காட்டுவார்கள் என்று தொப்பியைக்கூட எடுத்துவிட்டேன்.

ஷெங்கின் அழுதார். பெரிய உடம்பு அவருக்கு. அழுதால் பெஞ்சும் சேர்ந்து ஆடும். "கேட்டீங்களா? ஏழு வருஷம் புகழ்ந்தோம், எல்லாத்தையும் தூக்கி ஒரு பொம்பள காலடியில வெச்சுட்டான்! தன்னைப் பாவின்னு இவ்வளவு துல்லியமா எவன் சொல்லுவான்? இன்னிக்குத்தான்யா உனக்கு முழுசா வந்திருக்கு!"

"ஐயா, வரலீங்க. அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"வரலைங்கறது அவனுக்கு எப்படித் தெரியும்? வந்ததாலதானே தெரியுது!"

நான் கத்தினேன், அக்கா. "நான் பொய்யன்!" என்று கத்தினேன். "ஆமென்!" என்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். இதையும் புத்தகத்தில் சேர்க்கப் போகிறார்களாம், இரண்டாம் மனந்திரும்புதல் என்று தலைப்புப் போட்டு. சந்தையில் விழுந்ததாவது மூன்றடி உயரம். இதில் அடியே தட்டுப்படவில்லை.

ஷோனெட் மட்டும் 'ஆமென்' சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள். தைத்துக்கொண்டிருந்த ஆடையை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

இத்தெல்


ஹெந்த்ரே
ஆகஸ்ட் 27

கர்த்தருக்குள் அன்பான கைனோர் அக்காவுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். என் எழுத்து நன்றாயிராது, மன்னிக்கவும். நான் ஷோனெட்.

உங்கள் தம்பி சொன்னதை இந்த ஊரில் நம்பியது நான் ஒருத்திதான். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. எனக்கு விடிந்தது பொய்யோ என்று மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தேன். பொய்யாகத் தோன்றவில்லை. அது அவரிடமிருந்து வந்ததாக நினைத்திருந்தேன், உங்களிடமிருந்து வந்திருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று.

பிறகு, லண்டன் கூட்டத்தார் உங்களை வெளியே அனுப்பியதை அவர் சொன்னபோது கேட்டேன்: "இங்க சொன்னீங்க. இங்க யாரு அவங்களை வெளிய நிறுத்தினது?"

"இங்க யாரும் இல்ல."

"அப்ப எங்க சொல்லணும்?"

செவ்வாய்க்கிழமை, ட்யூடர் லண்டன் சந்தைக்கு ஓட்டிப்போகிற வாத்துக் கூட்டத்தோடு புறப்பட்டுவிட்டார். மாடுகளோடு அவரால் நடக்க முடியாது. வாத்து மெதுவாகப் போகும். நான் தடுக்கவில்லை. திரும்பி வரச் சொல்லவும் இல்லை. பார்லி ரொட்டி கட்டிக்கொடுத்தேன்.

உங்கள்,
ஷோனெட்


ஃபுல்லம்
அக்டோபர் 10

அன்புள்ள ஷோனெட்டுக்கு,

நீ நலமா? அறுவடை நல்லபடியாக முடிந்ததா? நான் நலம். அவனும் வந்து சேர்ந்தான். நெடுவழி நடக்கப் பாதத்துக்குத் தார் பூசின நானூறு வாத்துகளுக்கு நடுவே நொண்டிக்கொண்டு வந்தான். வாத்துகள் ஒழுங்காக வரிசையில் வந்தன. "ஒரு மாசமா இதுங்களுக்குப் பாடிக் காட்டினேன், ஒண்ணுகூட அழல. நல்ல ஜாதி" என்றான்.

அவன் ஊர் திரும்பலாமா என்று உன்னைக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை. பதிலை என் பெயருக்கே எழுது.

ஞாயிறு கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து பெயரைச் சொன்னான். தலைவர் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "இத்தெல் ஐயாவா! நம்ம இத்தெல் ஐயா!" இவன் விடவில்லை. என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "பாட்டு நான் கட்டினது. நடந்தது இவங்களுக்கு. அன்னிக்கு நீங்க வெளிய அனுப்பினது இவங்களைத்தான். இரவல் வாங்கினவன் நான்" என்றான். ஒரு வேடிக்கை வார்த்தைகூட இல்லை. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே கிடையாது.

"எவ்வளவு தாழ்மை பாருங்க!" என்று முன்னால் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், பாட ஆரம்பித்துவிட்டார்கள். முந்நூறு பேர், கண்ணை மூடிக்கொண்டு. "நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!" என்று இவன் கையை ஆட்டினான். தாளம் போடுகிறான் என்று நினைத்து இன்னும் பலமாகப் பாடினார்கள். சந்தைக் கூட்டத்தை ஒரு கனைப்பில் அடக்கினவன், வாயைத் திறந்தபடி நின்றான்.

பாடாமல் இருந்தது அவனும் நானும் மட்டும். எனக்குப் பக்கத்தில் துணி வெளுக்கிற ஒருத்தி, முழங்கை வரை சிவந்த கை. பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ ஏன் பாடல?"

"எனக்கு நடந்ததுங்க. அதைப் பாடத் தோணல."

என் பக்கம் சாய்ந்தாள். "அந்தக் கடைசி வரி. நெசமாவே சிரிச்சாரா? பாடும்போதெல்லாம் அங்க மட்டும் எனக்கு வாய் வராது. கடவுள் எங்கயாவது சிரிப்பாரா?"

"சத்தமா இல்ல. வாசல்ல வேலை செய்யறப்ப பக்கத்து வீட்டுக்காரங்க நம்மளப் பாத்துச் சிரிப்பாங்கள்ல, அப்படி."

அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்து, சேர்க்கப்படாதவர்கள் வெளியே போகும் நேரம் வந்தது. வழக்கப்படி நான் எழுந்தேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தலைவரய்யா, இவங்க இருக்கட்டும். நான் கேட்டுட்டேன், இவங்க சொல்றதப் பாட்டுல பாத்துச் சொல்ல முடியாது. நீங்களும் ஒரு தரம் முழுசாக் கேளுங்க" என்றாள். தலைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

இத்தெலைச் சுற்றி நின்று உட்காரச் சொல்லிக் கெஞ்சினார்கள். நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டார்கள். "நான் சேர்ந்தவன் இல்லீங்க" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டான். வெளியே போகிறவர்களோடு சேர்ந்து, காலை இழுத்துக்கொண்டு போனான். கடைசியாகப் போனவன் அவன்தான். கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்தார்கள். தலைவர், "சொல்லுங்கம்மா. இந்த முறை நான் குறுக்கே பேசல" என்றார்.

சொன்னேன்.

உன் அன்பை நாடும்,
கைனோர்